அப்பாவின் வருத்தம்

அண்ணையின் சாரத்தில் இரத்தக் கறையை நான் கண்டது கிணற்றடியில், உடுப்புத் தோய்க்கும்போது. இந்திய இராணுவம் ஊரில் நின்ற காலம். அண்ணைக்கு முப்பத்திரண்டு வயது. உடுவிலில் எங்கள் வீட்டோடு ஒட்டிய தோட்டத்தில் வெங்காயம் செய்துகொண்டிருந்தார். கேட்டபோது மூலம் என்றார். வெயிலுக்குள் நின்று வேலை செய்கிறவனுக்கு வராமல் வேறு ஆருக்கு வரும் என்று சிரித்தார். அம்மா கருணைக்கிழங்கும் மோரும் கொடுக்கத் தொடங்கினார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணை கக்கூசுக்குப் போனால் திரும்பி வரும்வரை அடுப்படியில் ஒரு வேலையும் ஓடாது. கறிக்கு உப்புப் போட்டேனா என்பது மறந்துபோகும். சாப்பிட்டு எழும்பினால் சாப்பாட்டுக் கோப்பையில் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறார் என்று பார்ப்பேன். தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மிசின் ஓடிக்கொண்டிருக்கும், அவர் வரம்பில் குந்தியிருப்பார். நாளுக்கு நாள் அவர் சாரத்தை இறுக்கி இறுக்கிக் கட்டுவதை அம்மாவும் பார்த்திருப்பார். ஆனால் வாய் திறக்கவில்லை.

ஏனென்றால் அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. ஐந்து வருடத்துக்கு முன்பு அவரும் மூலம் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தார். வயிறு ஊதிப் பெருத்த பிறகே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வெட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தைத்துவிட்டார்கள். பெருங்குடலில் கான்சர், பிந்திவிட்டது என்றார்கள். ஊருக்கு அம்மா சொன்னது குடல் புண் என்று. கான்சர் வருத்தம் உள்ள வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்துக்குக் காரணம் நான்தான். அண்ணைக்கு இரத்தம் போன அந்த நாட்களில் எனக்கு ஒரு சம்பந்தம் பேசி முற்றாகும் நிலையில் இருந்தது. மாப்பிள்ளை வங்கியில் வேலை செய்தார். சாதகமும் பொருந்தியிருந்தது.

கடைசியில் நான் பிடித்த பிடியில் அண்ணை யாழ்ப்பாணத்துக்கு வந்தார். அம்மாவும் கூடவே வெளிக்கிட்டார். டொக்டர் அண்ணையைச் சோதித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, இந்த வயதில் பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்கும் என்றார். பூசுகிற மருந்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, குடும்பத்தில் ஆருக்காவது குடலில் கான்சர் வந்ததா என்று கேட்டார்.

"இல்லை ஐயா, ஒருத்தருக்கும் இல்லை," என்றார் அம்மா.

அண்ணை நிலத்தைப் பார்த்தார். அந்த அறைக்குக் கதவு இல்லை, ஒரு திரைச்சீலை மட்டும்தான். அதற்கு வெளியே வரிசையாகப் போட்ட வாங்குகளில் எங்கள் பக்கத்து ஊர்ச் சனம் இருந்தது. அம்மா என் கையைப் பிடித்தார்.

"அப்பாவுக்கு வந்தது, டொக்டர்," என்றேன். "அதிலைதான் செத்தவர்."

டொக்டர் எழுதிய துண்டைக் கிழித்துப்போட்டார். அப்பாவின் வயதைக் கேட்டார், ஐம்பதைக் கொஞ்சம் தாண்டியிருந்தார் என்றேன். அவர் அம்மாவைக் கோபிக்கவில்லை. அண்ணையைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, முழுக் குடலையும் குழாய் விட்டுப் பாக்கவேணும். இஞ்சை அதுக்கு வசதி இல்லை. கொழும்புக்குப் போங்கோ. ஆறுதலாய்ப் போவம் எண்டு இருந்திடாதேங்கோ."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் இருக்கவில்லை. முன்னுக்குப் போய் வேறொரு சீற்றில் இருந்துவிட்டார். அடுத்த கிழமை தரகர் வந்து, சாதகத்தில் ஏதோ சரிவரவில்லையாம் என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

கொழும்பில் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி, எங்கள் சின்னம்மா, வெள்ளவத்தையில் இருந்தார். அந்த வீட்டில் மூன்று குடும்பம், ஒரேயொரு கக்கூசு. சோதனைக்கு முதல் நாள் குடலைத் துப்புரவாக்க ஒரு மருந்துத் தண்ணீரைப் போத்தல் போத்தலாகக் குடிக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் கதவில் தட்டத் தட்ட, அண்ணை உள்ளேயிருந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தாழ்வாரத்தில் நடந்தபடி வருகிற ஒவ்வொருவருக்கும் சமாதானம் சொன்னேன். வெளியே வந்த அண்ணை, "இனி உள்ளுக்கை நான் மட்டும்தான் இருக்கிறன், வேறை ஒண்டும் இல்லை," என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

சோதனையில் கட்டி தெரிந்தது. கான்சர்தான். பெருங்குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்து மிச்சத்தைப் பொருத்தினார்கள். குடலைத் தாண்டி எங்கும் பரவவில்லை என்று சத்திரசிகிச்சை செய்த டொக்டர் சொன்னார். அவர் போகாமல் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் தங்கச்சியோ? உங்களுக்கும் பாக்கவேணும்."

எனக்கு உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே என்றேன். அவர் அவசரப்படாமல் விளங்கப்படுத்தினார். இது முதலில் குடலின் உட்சுவரில் சின்ன முளையாகத்தான் வருமாம். நோகாது, இரத்தமும் போகாது. கான்சராக மாற வருடக்கணக்காகும். அதற்குள் கண்டு வெட்டிவிட்டால் முடிந்தது. "முந்தி இதை வயசுபோன ஆக்களின்ரை வருத்தம் எண்டுதான் படிச்சனாங்கள்," என்றார். "இப்ப முப்பது வயசுப் பிள்ளையளும் வருகினம். ஏனெண்டு எனக்கு வடிவாய்த் தெரியாது. ஆனால் தேப்பனுக்கும் தமையனுக்கும் வந்திருக்கு. நீங்கள் வருத்தம் வரும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கக்கூடாது."

அண்ணை எழும்பி நடமாடத் தொடங்கியபின் நானும் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். மேசையில் இடப்பக்கம் சரிந்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். கல்யாணமாகாத எனக்கு ஆம்பிளை டொக்டர் முன்னால் அப்படிப் படுத்திருக்கும் வெட்கம் வேறு. சிங்களத் தாதி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயம் வேணாம், நங்கி," என்று, தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் விட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். குழாய் வழியாகக் காற்றுப் புகுந்து வயிறு முறுகியது. இரண்டு முளைகள் இருந்தன. அங்கேயே வெட்டி எடுத்தார்கள். கான்சர் இல்லை, ஆனால் விட்டிருந்தால் மாறக்கூடிய சாதி என்றார்கள். மூன்று வருடத்தில் திரும்ப வரச் சொன்னார்கள்.

மூன்று வருடம் முடிவதற்குள் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டியாயிற்று. கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்தால்தான் தெற்கே போகலாம். கடலிலேயே சனம் செத்துக்கொண்டிருந்தது. பொம்மர் வந்து நாங்கள் பதுங்குகுழிக்குள் இருக்கும்போதுகூட, வயிறு இரைந்தால் எனக்குக் குண்டின் நினைப்புப் போய்விடும். இப்போது எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று நினைப்பேன். இன்னொரு வருடம் போனது. பிறகு இன்னொன்று.

அதைப் பொறுக்காமல் வெளிக்கிட்டது அம்மாதான். இயக்கத்திடம் பயண அனுமதி எடுக்கிற இடத்தில் நானும் அண்ணையும் வரிசையில் நின்றோம். காரணம் கேட்டார்கள். நான் வயிற்றுவலி என்று தொடங்க, எங்களோடு வந்திருந்த அம்மா முன்னுக்கு வந்தார்.

"இதுகளின்ரை தேப்பன் கான்சரிலை செத்தவர். மகனுக்கும் வந்து வெட்டினது. பிள்ளையளை நேரத்துக்குக் கொண்டுபோய்க் காட்டவேணும், தம்பி," என்றார்.

வரிசை முழுக்கக் கேட்டது. அம்மா குரலைத் தணிக்கவில்லை. எங்களுக்கு அனுமதி கிடைத்தது.

அந்த முறை கொழும்பில் பார்த்தபோது என் குடலில் இன்னொரு முளை இருந்தது. எடுத்துவிட்டார்கள். அண்ணைக்கு ஒன்றும் இல்லை. அதற்கிடையில் அவர் கல்யாணம் செய்திருந்தார். வீட்டில் அவருடைய மகள் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள். அறையை விட்டு வெளிக்கிடும்போது அண்ணை டொக்டரிடம் திரும்பி, பிள்ளைக்கு எந்த வயதில் பார்க்கவேண்டும் என்று கேட்டார். இருபதுகளில் ஒருக்கால் பார்க்கச் சொன்னார் டொக்டர், அதற்குள் இதைவிட நல்ல வழியும் வந்துவிடும் என்றார்.

ஊருக்குத் திரும்பும்போது, கிளாலிக்குப் போக மறுகரையில் வள்ளத்துக்குக் காத்திருந்தோம். பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. சனம் மூட்டைகளின்மேல் இருந்தது. அண்ணை மட்டும் சேற்றோரமாக அங்கும் இங்கும் நடந்தார். நெடுகப் பயணம் செய்த உடம்பு, மூட்டையில் கொஞ்சம் இருங்கோ என்றேன்.

"இருக்கேலாமல் கிடக்கு," என்றார். "பிள்ளைக்கு நான் இதை எப்பிடிச் சொல்லப்போறன்?"

எழும்பி அவரோடு நடந்தேன்.