காதில் படாத வாட்ச்

மகன் புதிதாக வாங்கிய ஜெர்மன் வாட்சை என் காதில் வைத்து, "சத்தம் கேக்குதுங்களாம்மா?" என்று உரக்கக் கேட்டான். என் காது மந்தமாகி வெகுகாலம் ஆகிறது.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு, திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணையில் என் அப்பாவுக்கும் இதே பித்து. தினமும் குளித்ததும் ஈரம் போகக் கையைத் துடைத்துக்கொண்டு, தன் ஜெர்மன் வாட்சுகளுக்கெல்லாம் சாவி கொடுப்பார். விருந்தாளிகளின் காதில் வைத்துக் காட்டுவார். என் காதிலும் வைப்பார். வண்டு மரம் குடைவதுபோல் மெல்லக் கேட்கும்.

ஒருநாள் பண்ணையாள் மாரன் வாசலுக்கு வெளியே நின்று, "நானும் ஒருக்கா கேக்கோணுமுங்க சாமி" என்றான். அப்பா சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அவன்மேல் பட்டால் தீட்டாயிற்றே! படியில் நின்றபடி, எட்டவே வாட்சை நீட்டினார். மாரன் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினான்.

"கேக்குதாடா?"

"நல்லாக் கேக்குதுங்க சாமி."

அப்பாவின் முகம் மலர்ந்தது. அந்தத் தூரத்தில் ஒன்றும் கேட்காதென்று எனக்கே தெரியும்.

மகன் ஆசையோடு என் முகத்தையே பார்த்தான்.

"நல்லாக் கேக்குது சாமி" என்றேன்.

சொன்னதும் உடம்பெல்லாம் கூசியது. வாட்ச் என் காதைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.