தொளதொளக்காத கம்பி தேடி

பேஸ் கிட்டார்காரர் பிழைப்பு விசித்திரமானது: வாசிக்கும்போது யாரும் கவனிப்பதில்லை, நிறுத்தினால் மட்டும் "என்னமோ குறையுதே" என்பார்கள். மேடை ஓரத்தில் நின்றே காலம் தள்ளும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்கு இது புதிதல்ல. வார நாட்களில் நான் பாயான் பாரு பக்கம் ஒரு தொழிற்சாலையில் சர்க்கியூட் பலகைகளைச் சோதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் குழுவோடு கல்யாணக் கச்சேரிக்குக் கிளம்பிவிடுவேன்.

குரல் இறங்கியது

எங்கள் பாடகர் குமார் அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. டாக்டர் இரண்டு வாரம் எம்.சி. கொடுத்தார், மருத்துவ விடுப்புக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். திரும்பி வந்த அண்ணனின் குரல் இரண்டு கட்டை இறங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால், முன்பைவிட இனிமையாகவே இருந்தது. எல்லாப் பாட்டையும் இரண்டு கட்டை இறக்கினோம்.

இறக்கிய பாட்டின் அடி சுரம் என் கிட்டாரில் இல்லவே இல்லை. கம்பிகளைத் தளர்த்தினேன். துணி காயப்போடும் கொடிக்கயிறு போல ஆடின. அடித்தால் கடகடவென்று சத்தம். ஐந்து கம்பி பேஸ் வாங்கலாமே என்பீர்கள். என் கை சின்னது, அந்த அகலத்துக்கு எட்டாது. கீபோர்டு வாசிக்கும் தேவா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டர்வொர்த்தில் மூன்று வாரம் கழித்து ஒரு கல்யாணம், அதற்குள் சரியாகாவிட்டால் பேஸ் அவன் பொறுப்பு என்று குழுவில் முடிவானது. என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து அவன் சொன்னான்: "அக்கா, பேஸ் எல்லாம் என் இடது கையிலயே வந்துரும். நீங்க சும்மா வந்து பிரியாணி சாப்பிடுங்க, போதும்."

மெத்தை

பதினொரு வருடமாக வாசிக்கிறேன். பிரியாணிக்கா வந்தேன்? கோபத்தில் நெட்டில் பார்த்து, இருப்பதிலேயே தடித்த ஃபிளாட்வவுண்ட் கம்பியை வரவழைத்தேன். ஃபிளாட்வவுண்ட் என்றால், மேலே சுற்றியிருக்கும் கம்பி உருண்டையாக இல்லாமல் பட்டையாக இருக்கும். தடவினால் வழவழப்பு, விரல் நகர்த்தும்போது கீச்சென்ற சத்தமும் வராது. ஆனால் நான் அவசரத்தில் தடிமனை மட்டும் பார்த்தேன், விறைப்பைப் பார்க்கவில்லை. வந்தது மெத்தைக்கு அடியில் முனகுவது போன்ற ஒரு ஜாதி.

ஒத்திகையில் மூன்று பாட்டு உயிரைக் கொடுத்து வாசித்தேன். நாலாவது பாட்டுக்கு முன்னால் சவுண்டு பார்க்கும் தம்பி பணிவாகக் கேட்டார்: "அக்கா, பேஸ் ஓன் பண்ணிட்டீங்களா?"

ஆ ஹெங் அங்கிளின் விரல்

ஜார்ஜ் டவுனில் ஒரு சந்துக்குள் இசைக்கருவி விற்கும் ஆ ஹெங் அங்கிளிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். மனுஷன் தடிமன் எண்ணையே கேட்கவில்லை. சுவரில் தொங்கிய ஒரு பேஸை இறக்கி, கம்பியை விரலால் அமுக்கிக் காட்டினார். இரும்பு மாதிரி எதிர்த்தது. நான் கேட்ட சுருதிக்கு இறக்கி ஒரு தட்டுத் தட்டினார். பித்தளைக் குடத்தைத் தட்டியது போல் பளிச்சென்று வந்தது சத்தம். அதுவும் ஃபிளாட்வவுண்ட்தான். கடையிலேயே துள்ளிவிட்டேன்.

அந்த ஜாதியில் இன்னும் தடித்த செட் ஞாயிறு காலைதான் வருமாம். அன்றைக்குத்தான் கல்யாணம். நேராக மண்டபத்துக்கே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். மலாயில் கம்பிக்கும் கயிற்றுக்கும் 'தாலி' என்றுதான் பெயர், விறைப்புக்கு 'கெராஸ்', தொளதொளப்புக்கு 'லெம்பேக்'. இதையெல்லாம் கேட்டே வளர்ந்த எனக்கு அதில் வில்லங்கம் ஏதும் தோன்றவில்லை. தமிழ் வாடிக்கையாளர்களிடம் கற்ற தமிழில் அங்கிள் வழியனுப்பினார்: "தாலி கெராஸ் வேணும் லா, தங்கச்சி. லெம்பேக் தாலி போட்டா சத்தம் தூங்கும்."

தட்டில் ஒரு பொட்டலம்

ஞாயிறு காலை மண்டபத்தில் முகூர்த்தம் நெருங்குகிறது. கம்பியைக் காணோம். அங்கிளுக்குப் போன் போட்டால், "அப்பவே கொடுத்தாச்சு" என்கிறார்.

நடந்தது இதுதான். மோட்டார் சைக்கிளில் வந்த மலாய்க்காரர் வாசலில் நின்று, "தாலி கொண்டு வந்திருக்கேன்" என்று மலாயில் சொல்லியிருக்கிறார். வரவேற்பில் நின்றவர் மணப்பெண்ணின் மாமா; அவருக்கு அந்த ஒரு சொல்லே போதுமாயிருந்தது. நகைக்கடையிலிருந்து ஏதோ விட்டுப்போனது வந்திருக்கிறது என்று பதறி, இரு கையாலும் வாங்கி, ஓடிப்போய் தாலித் தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். தட்டு சபையைச் சுற்றி வந்தது. பெரியவர்கள் தாலியோடு என் பொட்டலத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் மேடையிலிருந்து கையை ஆட்டிக் காட்டினேன், யாரும் கவனிக்கவில்லை. மணவறைக்குத் தட்டு திரும்பியதும் ஐயர் பொட்டலத்தைப் பிரித்தார். சுருள் சுருளாக நான்கு கம்பிகள். அவர் நிமிர்ந்து, மைக் ஓடுவதை மறந்து கேட்டார்: "அம்மா, இது யார் கழுத்துக்கு?"

இடது கை

என் பேஸின் கழுத்துக்குத்தான். மண்டபமே சிரித்து ஓய்வதற்குள் போய் வாங்கிக்கொண்டேன். தாலி கட்டி முடிந்து படம் பிடித்த இடைவெளியில், உறையில் ஒட்டியிருந்த மஞ்சள் அரிசியைத் தட்டிவிட்டுக் கம்பியை மாட்டினேன். முதல் பாட்டு. குமார் அண்ணன் ஆழத்துக்கு இறங்கினார், நானும் கூடவே இறங்கினேன். அடி சுரம் ஆடாமல், கடகடக்காமல், பலகை அதிர நின்றது. அண்ணன் பாடிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

தேவா பக்கம் பார்த்தேன். வலது கை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது, இடது கை மடியில் கிடந்தது. பாட்டு முடிந்ததும் என் பக்கம் குனிந்து சொன்னான்: "என் இடது கைக்கு எம்.சி. கொடுத்துட்டேன் லா, அக்கா."

கல்யாணத்துக்கு மூன்று முடிச்சு போதுமாம். எங்கள் குழுவில் நான் நிலைப்பதற்கு நான்கு கம்பி சுற்ற வேண்டியிருந்தது, அதுவும் முந்நூறு பேர் ஆசீர்வதித்த பிறகு.