மூக்கா, முக்கா

பென்னாகரம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஊதவைத்தே பிள்ளை பெறவைக்கிறார்களாம், வலியே தெரியாதாம். ஒகேனக்கலில் மீன் வறுவல் வாங்க வந்த ஒருத்தி, தன் நாத்தனாருக்கு நாத்தனார் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"ஊதுனா புள்ள பொறக்கும்னா, இந்த அடுப்ப நான் ஊதுன ஊதுக்கு இந்நேரம் நாலு பொறந்திருக்கணும்" என்றாள் கனிமொழி. சிரித்தாலும் பேச்சு மனதில் ஒட்டிக்கொண்டது.

கனிமொழி கம்பைநல்லூர்ப் பக்கத்துப் பெண். பரிசல் ஓட்டும் கதிரவனைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தவள். சுற்றுலா வருகிறவர்கள் வாங்கித் தரும் மீனைக் கழுவி, மசாலா தடவி, வறுத்துக் கொடுப்பது அவள் வேலை. நிறைமாத வயிறு அடுப்பை இடிக்கும் வரை நின்றாள். அவளுக்கு ஒரே பயம் ஆப்பரேஷன். அக்கா அமுதவல்லி வயிற்றைக் கிழித்துப் பெற்றுவிட்டு, வெகுநாள் குடம் தூக்க முடியாமல் அழுததைப் பார்த்திருந்தாள். ஆடிப்பெருக்குக் கூட்டம் வருவதற்குள் அவள் மறுபடி அடுப்பு முன்னால் நின்றாக வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரிக்கே போய் நர்ஸ் சுகுணாவிடம் கேட்டாள்.

"வலி தெரியாதுன்னு எவ சொன்னது? வலி வரும் கண்ணு. நீ அதுல முழுகிப் போவாம இருக்கத்தான் இது. மூக்குல இழு, வாயில ஊது."

பங்குனியில் ஒரு காலை வலி எடுத்தது. கூட இருக்க மாமியார் தீர்த்தம்மாளை உள்ளே விட்டார்கள். அருவி இரைச்சலிலேயே வாழ்ந்து பாதிக் காது போனவர். கனிமொழி நன்றாகத்தான் ஊதிக்கொண்டிருந்தாள். வலி ஏறும்போது இழுத்து, இறங்கும்போது விட்டு. ஒரு பெரிய வலியில் மூச்சு தடுமாறியது. பக்கத்துக் கட்டில்காரியைப் பார்த்துக்கொண்டிருந்த சுகுணா திரும்பிக் கத்தினாள்.

"கனி, மூக்கு! மூக்கு!"

"கேட்டுச்சா? முக்குடி! நல்லா முக்கு!" என்று தீர்த்தம்மாள் தோளைப் பிடித்து உலுக்கினார். உடம்பும் அதற்காகத்தான் காத்திருந்தது. முக்கிவிட்டாள்.

சுகுணா ஓடிவந்தாள். "யாரும்மா முக்கச் சொன்னது?"

"நீதான் சொன்ன!"

"நான் மூக்குன்னேன்!"

"அதத்தான் நானும் சொல்றேன், முக்குன்னு!"

சுகுணா பரிசோதித்துவிட்டு நிமிர்ந்தாள். "கர்ப்பவாய் முழுசாத் தொறக்கல கண்ணு. இப்பவே முக்குனா வீங்கிப்போவும். அப்புறம் ஆப்பரேஷனுக்குத் தர்மபுரிக்கு அனுப்பறதத் தவிர வேற வழியில்ல."

கனிமொழிக்கு அமுதவல்லியின் முகம் கண்முன் வந்து நின்றது. அதற்குள் அடுத்த வலி முதுகில் கிளம்பிவிட்டது. "முக்கணும் போல இருக்கு அத்த, அடக்க முடியல!"

சுகுணா தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். தீர்த்தம்மாள் குனிந்து கனிமொழியின் காதருகே, "கனி, மோந்து பாரு" என்றார்.

"என்னத்த?"

"கெண்ட மீனு. மசாலா தடவி வறுத்து வச்சிருக்கேன். உப்பு சரியா இருக்கான்னு மோந்து பாத்துச் சொல்லு."

கனிமொழி மூக்கால் இழுத்தாள்.

"சூடு ஆறட்டும். ஊது. மெதுவா, மெதுவா ஊது."

ஊதினாள். முக்கும் வெறி உள்ளேயே திமிறி, மெல்ல அடங்கியது. அடுத்த வலிக்கு ஆரா மீன். அதற்கடுத்துக் கெளுத்தி.

"எனக்குக் கெளுத்தி புடிக்காது அத்த!"

"தின்னவா சொன்னேன்? மோந்து பாருடி!"

கனிமொழி அழுதுகொண்டே சிரித்தாள். வலி குறையவேயில்லை, ஆனால் அவள் அதன் மேலே நின்றாள், அது அவள் மேலே நிற்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு சுகுணா மறுபடி பார்த்தாள். "வீக்கமில்ல, முழுசாத் தொறந்திருச்சு. இனிமே முக்கலாம்."

தீர்த்தம்மாள் சந்தேகமாகப் பார்த்தார். "எந்த முக்கு?"

"உங்க முக்குத்தாம்மா!"

அறையிலிருந்த எல்லோரும் சிரிக்க, கனிமொழி மட்டும் பல்லைக் கடித்து முக்கினாள். பெண் குழந்தை வீறிட்டது.

குழந்தையை மார்மேல் போட்டதும் கனிமொழி முதலில் சொன்னது: "வலியே தெரியாதுன்னாளே, அவ மறுபடி மீன் வாங்க வரட்டும், பேசிக்கறேன்."

பிறகு கதிரவனுக்குப் போன் போட்டாள்.

"வயித்துல கத்தி படல, ஆடிக்கு அடுப்புக்கு வந்துருவேன்னு சொல்லணும் அத்த."

"மொதல்ல புள்ள பொறந்ததச் சொல்லு. அடுப்பு எங்கயும் ஓடிப்போவல."

"எடுக்கலியே."

"ஆத்துல நடுவுல இருப்பான். அடிக்கட்டும், வுடு."

குழந்தையின் ஈரத்தலை தாடையில் உரச, கனிமொழி போனைக் காதிலிருந்து எடுக்காமல் படுத்திருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.