அம்மா சொல்லாத நாலு நம்பர்

எனக்குக் கோபம் வந்தால் தெலுங்கு நன்றாக வரும். மற்ற நேரத்தில் பாதி வாக்கியத்தில் தமிழுக்குத் தாவிவிடுவேன். அந்தக் கார்த்திகை மாதம் நான் பேசிய தெலுங்கைக் கேட்டிருந்தால், பத்தாம் வகுப்பில் என் வாயில் தெலுங்கு வரவே வராது என்று சொன்ன டீச்சர் வாயடைத்துப்போயிருப்பார். அத்தனை தெலுங்கும் ஒரே இடத்துக்குத்தான் போனது. மாதக் கட்டணம் குறைவு என்பதைத் தவிர வேறு எந்தப் பெருமையும் இல்லாத ஓர் இன்டர்நெட் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு.

நாகலாபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் காலனியில் எங்கள் வீடு. ஊருக்குள் பெரிய கம்பெனிகள் எப்போதோ ஃபைபர் இழுத்துவிட்டன. காலனிக்குக் கேட்டால் "ஃபீசிபிலிட்டி லேது", லைன் இழுக்க வசதியில்லை என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான். அந்த வாய்க்காலைத் தாண்ட அவர்களால் முடியவில்லை. தாண்டி வந்தது இந்த மலிவுக் கம்பெனி ஒன்றுதான். அதற்காக நான் அவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது முதல் மழை வரைக்கும்.

என் வேலை அந்த ஒயரில் தொங்கியது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் இருந்து வரும் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, எந்த நோய்க்கு என்ன எண், எந்தச் சிகிச்சைக்கு என்ன எண் என்று போடவேண்டும். மெடிக்கல் கோடிங் என்பார்கள். நான்கு வருடம் திருப்பதிக்குப் போய்வந்து இந்த வேலையைச் செய்தேன். விடிவதற்குள் கிளம்பி, புத்தூர் வழியாக பஸ், அங்கிருந்து திருச்சானூர் ரோட்டுக்கு ஷேர் ஆட்டோ. மகள் பிறந்தபிறகு, வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினேன். என் வீட்டுக்காரருக்குச் சத்தியவேடு பக்கம் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அம்மா இன்றும் கழனி வேலைக்குப் போகிறாள். இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் திருப்பதி போய்வருவது நடக்கிற காரியமா?

எங்கள் காலனியில் கூலிக்குப் போகாமல், வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் பெண் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. என் பாட்டியும் சித்திகளும் அடுத்தவர் நிலத்தில் குனிந்தவர்கள். நான் நிமிர்ந்து உட்காருகிறேன் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

மழை பிடித்ததும் ரூட்டரில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. அரை மணி நேரம் நெட் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. போனில் இருந்து நெட் எடுக்கலாம் என்றால் எல்லையில் அதுவும் வம்பு. முன் அறையில் ஆந்திரா டவர் பிடிக்கும், சமையலறையில் தமிழ்நாட்டு டவர் பிடிக்கும், எதிலும் வேலை செய்யும் அளவுக்கு வேகம் இருக்காது. ஒருமுறை லாகின் அறுந்தால் ஆபீஸ் கணக்கில் அது விழும். திருப்பதியில் இருக்கும் எங்கள் டீம் லீடர் நல்லவர்தான். ஆனாலும் ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமைக்குள் லைன் சரியாகவில்லை என்றால், திங்கட்கிழமையில் இருந்து ஆபீசுக்கு வரவேண்டும்.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் தெலுங்குக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு, இங்கிலீஷுக்கு மூன்று. எங்கள் கோபத்துக்கு எண் கிடையாது. ஒன்றை அழுத்திவிட்டு அவர்கள் போடும் புல்லாங்குழலைக் கேட்கவேண்டும். இன்றுவரை எங்காவது புல்லாங்குழல் கேட்டால் எனக்குத் தாடை இறுகும். கடைசியில் ஒரு பெண் வருவாள். ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வாள். போடுவேன். இருபத்துநாலு மணி நேரத்தில் ஆள் வருவார் என்பாள். யாரும் வரமாட்டார்கள். மறுநாள் கூப்பிட்டால் அதே புல்லாங்குழல், வேறொரு பெண்.

"மீ கம்ப்ளெயின்ட் நின்னனே ரிசால்வ் அயிந்தி மேடம்."

நேற்றே சரிசெய்தாயிற்றாம். சிவப்பு விளக்கு என் முகத்துக்கு நேரே மின்னிக்கொண்டிருக்கிறது. நான்கு முறை இப்படி நடந்தது. நான்காவது முறை எனக்குத் தலைக்கேறிவிட்டது. யார் வந்தார்கள், எதைச் சரிசெய்தார்கள், யார் பார்த்தார்கள் என்று தெலுங்கில் பொரிந்து தள்ளினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: வேலை முடிந்ததும் பதிவுசெய்த நம்பருக்கு ஓடிபி போகும், அதைக் கஸ்டமர் சொன்னால்தான் புகாரை முடிக்க முடியும், நான்கு முறையும் கஸ்டமரே ஓடிபி சொல்லியிருக்கிறார்.

எந்தக் கஸ்டமர் என்று கத்தவந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டேன். வீட்டுப் பட்டா அம்மா பெயரில். கனெக்‌ஷனும் அம்மாவின் ஆதாரைக் கொடுத்து அவள் பெயரில்தான் வாங்கினோம். பதிவுசெய்த நம்பர் அவள் மடியில் செருகிக்கொண்டு போகும் பட்டன் போனுடையது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். பஸ் நம்பர், போன் நம்பர் எல்லாம் ஒன்றொன்றாகப் படித்துவிடுவாள்.

சாயங்காலம் வேர்க்கடலைக் கழனியில் களையெடுத்துவிட்டு வந்து, குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். அங்கேயே பிடித்துக்கொண்டேன்.

"யாராவது போன் பண்ணி நம்பர் கேட்டாங்களாம்மா?"

"ஆமா, நெட்டுக்காரன். நாலு வாட்டி பண்ணான். மெசேஜுல நாலு நம்பர் வந்துச்சு, சொன்னேன்."

"இன்னாத்துக்கும்மா சொன்ன? அவன் நம்ம வூட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலியே!"

"வந்துக்கினே கீறேன், நம்பர் சொன்னாத்தான் வேல ஆரம்பிக்க முடியும்னான். மரியாதயா கேட்டான்டீ. மேடம் காருன்னு கூப்ட்டான்."

காரு என்பது தெலுங்கில் பெரியவர்களுக்குப் போடும் மரியாதைச் சொல். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். கழனியில் எல்லாப் பெண்களும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுப் பேசியிருக்கிறாள். நெட் என் பேருல கீது, கம்பெனிக்காரன் எனக்குத்தான் போன் பண்றான் என்று காட்டியிருக்கிறாள். அறுபது வயதுக்குப் பக்கத்தில் வந்தவளை அதுவரை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. வரப்பில் நிற்கும் நிலத்துக்காரர்கள் கூப்பிடும் விதம் வேறு. எனக்கு வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்தக் கம்பெனியின் மேல் இன்னொரு மடங்காகத் திரும்பி வந்தது.

உட்காரவைத்து விளக்கினேன். வேலையை முடித்துவிட்டுத்தான் அவன் அந்த நம்பரைக் கேட்கவேண்டும், நம்பரைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கு, வராமலேயே வந்ததாகக் காட்டிக்கொள்கிறான் என்றேன். அம்மா துண்டால் காலைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"அப்ப அந்த நம்பரு அவனுக்குக் கூலியா?"

"அப்படித்தான் வச்சுக்கோ."

"வேல செய்யாத கூலி வாங்கிக்கினு பூட்டானா? நாலு வாட்டியா?"

நெட் போனது, என் வேலை ஆடிக்கொண்டிருப்பது எல்லாம் அவளுக்குத் தெரியும். அதற்கெல்லாம் வருத்தப்பட்டவள், இதற்குத்தான் கொதித்தாள். கடைசி வரிசையில் நாலு புல் மிச்சம் இருந்தாலும் திரும்பக் குனியவைத்து, அதன்பிறகு கூலி கொடுக்கிற ஊரில் வேலை செய்தவள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஐந்தாவது புகாரைப் பதிவுசெய்தேன். கழனி சேறாகக் கிடந்ததால் அம்மா வீட்டில் இருந்தாள். மத்தியானம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம் காரு, ஓடிபி வச்சிந்தா? செப்பண்டி."

"வந்துச்சுப்பா. நீ எப்ப வர்ற?"

வந்துகொண்டே இருப்பதாகத் தெலுங்கில் சொன்னான். அம்மா தமிழிலேயே பேசினாள், அவனுக்கு நன்றாகவே புரிந்தது.

"வா. வந்து வேலய முடி. முடிச்சப்புறம் சொல்றேன். எங்களுக்கெல்லாம் கடைசி வரிச முடிச்சாத்தான் கூலி. உனக்கு மட்டும் இன்னா முன்னாடியே?"

அடுத்து வந்த குரலில் மேடமும் இல்லை, காருவும் இல்லை. "ஏமம்மா, நீகேம் தெலுசு?" என்றான். உனக்கு என்ன தெரியும் என்கிறான். ஓடிபி சொல்லாவிட்டால் புகாரே ரத்தாகிவிடும், அப்புறம் ஒரு மாதமானாலும் யாரும் வரமாட்டார்கள் என்று மிரட்டினான்.

நான் பயந்துவிட்டேன். உண்மையைச் சொல்லத்தானே வேண்டும். கஸ்டமர் கேர் பெண்களிடம் அத்தனை தெலுங்கு பேசிய நான், அவன் குரல் மாறியதும் ஒடுங்கிப்போனேன். "சொல்லிடும்மா, வம்பு வேணாம்" என்று போனை வாங்கக் கை நீட்டினேன். அம்மா போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நம்பரு மட்டும் தெரியும். அது என் போன்லதான் கீது."

வைத்துவிட்டாள்.

புதன்கிழமை அவன் வரவில்லை. மூன்று முறை போன் அடித்தது. மூன்று முறையும் அம்மா எடுத்து, "வந்துட்டியா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் வைத்தாள். எனக்கு அன்று நான்கு முறை லாகின் அறுந்தது. திருப்பதி போகப் பழைய பஸ் பாஸ் எங்கே இருக்கிறது என்று பெட்டியில் தேடினேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா கழனி வேலையை விடவேண்டியிருக்கும், விட்டால் அடுத்த வருடம் அவளை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்றெல்லாம் மனம் ஓடியது. அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அவள் பாட்டுக்குக் குழந்தைக்குச் சோறு ஊட்டினாள்.

அன்று சாயங்காலம் ஓர் அதிசயம். நெட் கம்பெனியில் இருந்து அவர்களாகவே கூப்பிட்டார்கள், அதுவும் மேலதிகாரி. உங்கள் புகார் ஏன் இன்னும் முடியவில்லை என்று என்னிடமே கேட்டார். நெட் இல்லாமல் நான் தவித்தபோது யாருக்கும் உறைக்கவில்லை. அவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு புகார் முடியாமல் நின்றதும் உறைத்துவிட்டது. எங்கள் வீட்டில் எரிந்த சிவப்பு அவர்கள் திரையிலும் எரிந்திருக்கவேண்டும்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு பைக்கில் ஏணியோடு அவன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும், நனைந்திருந்தான், முகம் கடுகடுவென்று இருந்தது. தூறல் நிற்கவில்லை. அம்மா உர மூட்டைச் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு அவன் பின்னாலேயே கிளம்பினாள். கம்பம் கம்பமாக அவன் மேலே பார்த்துக்கொண்டு போக, அவளும் மேலே பார்த்துக்கொண்டு போனாள். நான் வாசலில் குழந்தையோடு நின்று பார்த்தேன்.

வாய்க்கால் திருப்பத்தில் ஏணி நின்றது. கரும்பு டிராக்டர் இடித்து எப்போதோ அறுந்த ஒயரை அங்கே ஒட்டவைத்து, அதன்மேல் தண்ணீர் பாட்டிலை அறுத்து மூடியிருக்கிறார்கள். அதுதான் அந்தக் கம்பெனியின் தொழில்நுட்பம். பாட்டில் நிறைய மழைத் தண்ணீர், அதில் எறும்புகள் மிதந்தன என்று அம்மா அப்புறம் சொன்னாள். அவன் தண்ணீரைக் கவிழ்த்தபோது கீழே நின்ற அம்மா மேல் கொட்டியது. கெட்ட வார்த்தையில் திட்டினாள், அது எனக்கு வாசல்வரை கேட்டது. அவன் சிரித்துவிட்டான். அதன்பிறகு ஒழுங்காகப் புது டப்பா மாட்டி, இணைப்பைப் புதிதாகச் செய்தான். முக்கால் மணி நேர வேலை. அதற்குத்தான் ஒரு மாதம்.

ரூட்டரில் பச்சை எரிந்தது. "மேடம் காரு, ஓடிபி" என்றான்.

"மேடமும் வேணாம், காருவும் வேணாம். குந்து. என் பொண்ணு ஒரு வேல முடிக்கட்டும்."

அவனை நாற்காலியில் உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாள். நான் லாகின் செய்து ஒரு நோயாளியின் குறிப்பைத் திறந்தேன். முழங்கால் அறுவைச் சிகிச்சை, நீளமான குறிப்பு. முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் என் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, முதல் வரியில் இருந்து கடைசி வரைக்கும் படித்து, எண்களைப் போட்டு, அனுப்பினேன். ஒருமுறைகூட அறுபடவில்லை.

"முடிஞ்சுதும்மா."

அம்மா மடியில் இருந்து போனை எடுத்தாள். கண்ணுக்கு எட்டப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக, நடுவில் அவன் அழுத்துவதற்கு நேரம் விட்டுச் சொன்னாள். அவன் டம்ளரை வைத்துவிட்டு, "ஒஸ்தானம்மா", போய்வருகிறேன் அம்மா என்று கிளம்பினான்.

உடனே ஒரு மெசேஜ் வந்தது, இங்கிலீஷில். படிக்கச் சொன்னாள். உங்கள் ஒப்புதலின் பேரில் புகார் முடிக்கப்பட்டது என்று இருந்தது.

"ஒப்புதல்னா?"

"நீ சரின்னு சொன்னதாலதான் அவன் வேல முடிஞ்சுதாம்."

"நான் சொன்னாத்தானா?"

"நீ சொன்னாத்தான்."

இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். அம்மா செய்த வேலை முடிந்ததா இல்லையா என்று காலமெல்லாம் வரப்பில் நின்ற வேறு யாரோ சொன்னார்கள். இன்னொருவர் வேலையைப் பார்த்து அவள் சரி என்று சொன்னது அன்றைக்குத்தான். நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் என்று என்னைப்பற்றி அவள் பெருமையடித்துக்கொள்வாள். எனக்கு அன்று அவளைப்பற்றி வந்த பெருமைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

திங்கட்கிழமை நான் திருப்பதி பஸ் ஏறவில்லை. ஒன்பது மணிக்கு ரூட்டரைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கழனிக்குக் கிளம்பிய அம்மா சோற்றுத் தூக்கோடு வாசலில் நின்றாள்.

"சேப்பு லைட்டு வந்தா நீ யாருக்கும் போன் பண்ணாத. எனுக்குப் பண்ணு. கஸ்டமரு நான்தான்."