மீட்டரில் ஏறாத ஓட்டம்

என் கடை வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. 'இங்கு நிற்கும் வண்டிகள் எஞ்சினை அணைக்கவும்.' பெயின்ட் வாங்கி நானே எழுதினேன். எல்லோரும் அதைப் படித்துவிட்டு ஒரு முனகலோடு சாவியைத் திருப்புவார்கள். இசக்கிபாண்டி மட்டும் பலகைக்கு நேர் எதிரே நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்வான்.

பென்னலூரில், பெங்களூர் ரோட்டை ஒட்டிய கார் உதிரிபாகக் கடை என்னுடையது. பேர் காந்திமதி. கடையை ஆரம்பித்தவர் என் வீட்டுக்காரர் கோதண்டம். அவர் போன பிறகு நான் கடையை மூடிவிடுவேன் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னதாலேயே மூடவில்லை. அவர் ஓட்டிய பெட்ரோல் கார் கடைக்குப் பின்னால் உறை போட்டு நிற்கிறது. பேட்டரி செத்துப்போகாமல் இருக்க எப்போதாவது கிளப்பி அணைப்பேன், அவ்வளவுதான்.

இசக்கிபாண்டிக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்ட் பையன்களோடு ஒரு வாடகை அறையில் இருந்தான். அவனுக்குச் சொந்தமாக ஒரு பழைய டீசல் கார். காலையில் கம்பெனி அதிகாரி யாரையாவது ஏற்றி வருவான். அவர் வேலை முடிந்து வெளியே வரும்வரை கேட்டுக்கு வெளியே வரிசையில் கிடப்பான். ஒரகடம் பக்கம் போனால் இந்த வரிசையைப் பார்க்கலாம். எல்லா வண்டியும் நிற்கும், எல்லா எஞ்சினும் ஓடும். உள்ளே ஏசி போட்டு ஓட்டுநர்கள் வாயைப் பிளந்து தூங்குவார்கள். சித்திரை வெயிலில் அது எனக்கும் புரிகிறது. இவன் மார்கழியிலும் அப்படியே செய்வான். சவாரி இல்லாத நாளில் என் கடை வாசலுக்கு வந்துவிடுவான்.

ஒருநாள் கண்ணாடியைத் தட்டிக் கேட்டே விட்டேன். "இன்னா இசக்கி, டீசல் இன்னா உங்க மாமனார் வூட்டுலேர்ந்து வருதா? ஏசி கூடப் போடல. எதுக்குய்யா ஓட வுட்டுகினு கீற?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். கோபப்படவில்லை. கோபப்படத் தெரியாத ஆள், அதுவே எனக்கு எரிச்சல். "ஓடிக்கிட்டு கெடந்தா கூட ஒரு ஆளு இருக்க மாதிரி இருக்குக்கா. அணைச்சா காதுக்குள்ள என்னமோ செய்யுது," என்றான். என் வீட்டில் டிவி யாரும் பார்க்காமலே நாளெல்லாம் ஓடுகிறது. அதை அவனிடம் சொல்லவில்லை, பலகையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அவனுக்கு ஒரே மகள், செல்வலட்சுமி. அவள் பள்ளிக்கூடம் போகும்போதே தாய் இறந்துவிட்டாள். இவன் அப்போது ஒரு சவாரியில் பெங்களூரில் இருந்தான். ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளையைப் பெரியம்மா கிளியம்மாள் வளர்த்தாள். அப்பா வந்து சேராததைப் பிள்ளை மறக்கவில்லை. போனில் பேசினால் "சரி", "ம்", "வைக்கேன்" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவாள். இவனும் பணம் அனுப்புவதைத் தவிர வேறெதுவும் தெரியாமல் இருந்துவிட்டான். இப்போது அவள் நர்ஸ். மஸ்கட்டில் வேலை கிடைத்து, சென்னையில் விமானம் ஏற வேண்டியிருந்தது.

அந்தச் செய்தியோடு அவன் கடைக்கு வந்த நாளை மறக்க முடியாது. அன்றைக்கு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். "யக்கா, அவளா போன் பண்ணினாக்கா. 'கிளாம்பாக்கத்துல எறங்குதேன், ஏர்போர்ட்டுக்கு நீங்களே கொண்டுவிடுதியளா'ன்னு கேட்டா."

"நீ இன்னா சொன்ன?"

"சரின்னேன். வேற ஒண்ணும் வாயில வரலக்கா."

அவனுக்குக் கிடைத்தது அந்த ஒரு பயணம்தான். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்திலிருந்து விமான நிலையம் வரை, மகள் பக்கத்து சீட்டில். இதிலாவது சொன்ன நேரத்துக்குப் போய் நின்று, சொன்ன இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். அதற்காக வண்டியைக் கழுவினான், சீட்டுக்கு உறை மாற்றினான், பாட்டுப் பெட்டியைச் சரிசெய்தான். என்னிடம் வாசனைக் குப்பி கேட்டு வந்தபோதுதான் பானெட்டைத் திறக்கச் சொன்னேன்.

வாட்டர் பம்ப் பக்கத்தில் தண்ணீர் கசிந்து காய்ந்த வெள்ளைத் தடம் தெரிந்தது. எஞ்சினைக் கிளப்பினால் லேசாக ஒரு கீச்சுச் சத்தம். "டைமிங் பெல்ட் எப்ப மாத்தின?" என்றேன்.

இந்த பெல்ட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எஞ்சினுக்குள் மேலே வால்வுகள், கீழே பிஸ்டன்கள். இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் முறை வைத்து ஓடச் செய்வது ஒரு ரப்பர் பட்டை. அது அறுந்தால் எஞ்சின் தன்னையே அடித்து நொறுக்கிக்கொள்ளும். அந்தப் பட்டையை இறுக்கிப் பிடிக்க ஒரு டென்ஷனர், திருப்பிவிட ஓர் உருளை பேரிங், அதே பட்டையில் சுற்றுகிற வாட்டர் பம்ப். எல்லாம் சேர்ந்து உழைக்கிற கூட்டம், சேர்ந்தே தேயும். மாற்றினால் செட்டாக மாற்ற வேண்டும். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முந்துகிறதோ அப்போது மாற்று என்று கம்பெனி புத்தகத்திலேயே இருக்கும். நிறுத்தி வைத்து ஓடவிடுகிற வண்டிக்கு இரண்டையும் நம்பாமல் இன்னும் முன்னாலேயே மாற்றிவிட வேண்டும். வண்டி நின்றாலும் பெல்ட் ஓடுகிறதே. மீட்டர் சக்கரத்தைத்தான் எண்ணுகிறது.

"போன தடவை பெல்ட்டு மட்டும் மாத்தினேன்க்கா. பேரிங்கும் பம்பும் நல்லாத்தான சுத்திச்சு, அதை எதுக்குக் கழட்டணும்? மீட்டரைப் பாருங்க, இன்னும் எம்புட்டோ ஓடலாம்."

"மீட்டரைக் காட்டாத. கம்பெனி கேட்டாண்ட ஓட்டிகினு கெடந்தியே, அது எந்த மீட்டர்ல ஏறிச்சி? எஞ்சின் இன்னொரு ஆயுசு ஓடியாச்சிய்யா."

பக்கத்துப் பட்டறை மெக்கானிக் மகாராஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் பார்த்துவிட்டுச் சொன்னான். "அண்ணே, வண்டியை இப்பவே வுட்டுட்டுப் போ. முழு செட்டும் மாத்திடறேன்."

இசக்கிபாண்டிக்கு அதுதான் பயம். கழற்றிய வண்டி சொன்ன நாளில் திரும்பாது, ஏதாவது ஒரு பாகம் வரவில்லை என்பார்கள், மகள் வந்து நிற்கும்போது தன் கார் பட்டறையில் பிரிந்து கிடக்கும் என்று நினைத்தான். பட்டறைகளின் லட்சணம் எனக்கும் தெரியும் என்பதால் அடித்துப் பேச முடியவில்லை. "பிள்ளையை ஏத்தி விட்டுட்டு வந்து அப்படியே ஒங்க கையில தாரேன்க்கா. செட்டா மாத்துங்க," என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

அன்று நடந்ததை அவனே பிறகு சொன்னான். பஸ் காலையில் வர வேண்டியது. இவன் விடிவதற்கு முன்பே போய்விட்டான். பஸ் வழியில் எங்கோ நின்று தாமதமானது. வெயில் ஏறியது. மகள் வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே ஜில்லென்று இருக்க வேண்டுமாம். அதனால் அவள் வந்து இறங்கும்வரை ஏசியைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டபடியே நின்றிருக்கிறான்.

அவள் வந்தாள். பெட்டியைத் தானே தூக்கி வைத்தாள். பின் சீட்டில் உட்காராமல் முன்னால் உட்கார்ந்தாள். அதைச் சொல்லும்போது இவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வண்டலூர் தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. பெருங்களத்தூர் பக்கம் எஞ்சினுக்குள் ஒரு முறை படாரென்றது. ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது. ஓரமாக உருட்டி நிறுத்தினான். அதன்பிறகு எத்தனை முறை சாவியைத் திருப்பியும் ஒன்றுமில்லை.

"என்னப்பா ஆச்சு?" என்றாளாம்.

"பெல்ட்டு அந்துட்டு."

அவளுக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. போனில் வேறொரு டாக்ஸியைக் கூப்பிட்டாள். அது வந்து சேரும்வரை இருவரும் அந்தக் காருக்குள்ளேயே, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். "எஞ்சின் சத்தம் இல்லக்கா. பேசாம இருக்க முடியல," என்றான். அம்மா கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்று கேட்டானாம். இத்தனை வருடத்தில் முதல் முறை. அவள் சொன்னாளாம். என்ன என்று நான் கேட்கவில்லை. டாக்ஸி வந்ததும் பெட்டியை மாற்றி வைத்தான். அவள் ஏறுவதற்கு முன்னால், "வண்டிய ரெடி பண்ணிவைங்க. அடுத்த வருசம் லீவுக்கு வாரேன், இதே வண்டியில வீட்டுக்குப் போவோம்," என்றாள். இவன் செத்துப்போன கார் பக்கத்தில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

மகாராஜா இழுத்து வந்து பிரித்துப் பார்த்தான். பம்பின் பேரிங் இறுகி நின்று, அதன் மேல் ஓடிய பெல்ட்டைக் கிழித்திருக்கிறது. வால்வு எல்லாம் வளைந்து, பிஸ்டன் உடைந்து கிடந்தது. எஞ்சினைத் தேற்ற ஆகும் செலவில் இன்னொரு பழைய காரே வாங்கலாம் என்றான். வண்டி பழைய இரும்பு விலைக்குக் காயலான் கடைக்குப் போனது. இசக்கிபாண்டி ஒரகடத்தில் ஒரு கிடங்கு வாசலில் வாட்ச்மேன் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பஸ் பிடித்து என் கடைக்கு வருவான். அன்றைக்குத்தான் மகள் மஸ்கட்டிலிருந்து பேசுவாள். அறையில் ஷிப்ட் முடித்த பையன்கள் தூங்குவதால் இங்கே பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவான். முதல் ஞாயிறு அவள், "வண்டி ரெடியாச்சாப்பா?" என்று கேட்டபோது, எதிரே யாரோ ஒருவன் டீசல் காரைக் கிளப்பினான். "ஆச்சும்மா. ஓடுது, கேக்குதா?" என்று இவன் சொல்லிவிட்டான்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. போன் வரும் நேரத்தில் வாசலில் நிற்கிற ஓட்டுநர் எவனிடமாவது, "தம்பி, செத்த ஸ்டார்ட் பண்ணேன்," என்று கெஞ்சுவான். அவர்கள் பலகையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். நான் உள்ளே திரும்பிக்கொள்வேன். ஓடுகிற எஞ்சின் பக்கத்தில் நின்று, பெல்ட் புதிது, பம்ப் புதிது, எல்லாம் செட்டாக மாற்றியாச்சு என்று மகளுக்கு விவரம் சொல்வான். அவளும் இப்போது நிறையப் பேசினாள். சோறு சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். அந்தப் பேச்சு வண்டியோடு போய்விடும் என்று அவன் பயந்தான். எனக்கும் அது தெரிந்ததால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு மழை. வாசலில் ஒரு வண்டியும் இல்லை. போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அவன் ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"உன் ரோதனை தாங்கலய்யா," என்று சொல்லிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனேன். கோதண்டத்தின் காரிலிருந்து உறையை இழுத்துப் போட்டுக் கிளப்பினேன். அவன் போனைப் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றான். "கேக்குதாம்மா? நம்ம வண்டிதான்."

அவளுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று நான் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தேன்.

"அப்பா," என்றாள் செல்வலட்சுமி. "இது பெட்ரோல் வண்டில்லா?"

டிரைவர் பெற்ற பிள்ளை, சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

"அணைச்சிருங்கப்பா. யார் வண்டியோ, பாவம், சும்மா ஓடுது."

நான் சாவியைத் திருப்பினேன். மழை மட்டும் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"வண்டி போயிட்டாப்பா?"

"ம். போயிட்டும்மா."

"போனா போவுது. நான் வரும்போது நீங்க பஸ்ஸுல வந்து நில்லுங்க, போதும்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அங்க கூட யாருப்பா இருக்கா? தனியாவா இருக்கீய?"

அவன் ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ஆமாம்மா," என்றான். "தனியாத்தான் இருக்கேன்."

நான் கையில் சாவியோடு பக்கத்திலேயே நின்றிருந்தேன்.