சொரிமுத்து கழுவாத டேங்க்

தாராவி சொரிமுத்து தண்ணீர் டேங்க் கழுவுகிறவன். செம்பூர், மாட்டுங்கா கட்டிடங்களின் மொட்டை மாடியேறி, டேங்கில் இறங்கி, படிந்த காரையைச் சுரண்டி, முன்னும் பின்னும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவாத குடியிருப்பு சொசைட்டி செக்ரெட்டரிகளை அவன் திட்டுவதில் பாதி ஹிந்தி, பாதி திருநெல்வேலி.

அவன் வாய்க்குள் மட்டும் யாரும் இறங்கிப் பார்த்ததில்லை. கீழ்ப்பற்களின் உட்புறம் மஞ்சள் காரை கல்லாக இறுகியிருந்தது. பல் டாக்டரிடம் போகவே மாட்டான். நண்பன் பிரம்மநாயகத்துக்குப் பல்லைச் சுத்தம் செய்த மாதமே இரண்டு பல் விழுந்துவிட்டதாம். ஞாயிறுதோறும் நல்லி எலும்பைக் கடித்து உடைக்கிறவனுக்கு அந்தப் பயம் போதாதா?

மனைவி பேராச்சிக்கோ மூன்று வருஷமாகச் சளி. அவன் அருகில் வந்தாலே முந்தானை மூக்குக்குப் போய்விடும். அது சளியே இல்லையென்று அவனைத் தவிர அந்தச் சந்துக்கே தெரியும். சொன்னால் மனுஷன் நொந்துபோவானே என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள், மூக்கையும்தான். அவன் தோளில் சாய்ந்து டிவி பார்க்க அவளுக்கும் ஆசை இல்லாமலா போகும்?

ஒரு ஞாயிறு மத்தியானம் அவன் வாயைப் பிளந்து தூங்கியபோது, பேராச்சி டார்ச் அடிக்க, பக்கத்து வீட்டு மாலதி தன் மொபைலில் படமெடுத்தாள். மறுநாள் பல் வரிசையை மட்டும் வெட்டியெடுத்து, “கழுவ என்ன ரேட்?” என்று அவனுக்குத் தெரியாத அந்த நம்பரிலிருந்து அவனுக்கே அனுப்பினாள்.

மாடி வெயிலில், கீறல் விழுந்த ஸ்கிரீனில், கண்ணாடியும் போடாமல் பார்த்தவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாய்ஸ் மெசேஜ் போட்டான்.

“என்ன சார் இது, டேங்கா சாக்கடையா? காரை கல்லாப் போயிருக்கு. ஒடனே சுரண்டலேன்னா செவுரே ஆடிரும். பெறவு சுரண்டுனவனைக் குத்தம் சொல்லப்படாது.”

சாயங்காலம் மாலதியின் மொபைலில் பேராச்சி அதை அவன் முன்னால் போட்டுக்காட்டினாள். பிறகு வெட்டாத படத்தைக் காட்டினாள். பல்லுக்கு மேலே அவன் மீசை. மற்றவர் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பான்; சொன்னது அவனே.

புதன்கிழமை டாக்டரம்மா முக்கால் மணி நேரம் சுரண்டினார். வாய் திறந்தே இருந்ததால் திட்டவும் முடியவில்லை. சுத்தம் செய்ததும் பல்லிடுக்கில் காற்று போனது. பல்லைத்தான் ராவிவிட்டார்கள் என்று பதறினான். காரை அடைத்திருந்த இடம்தான் அது, இப்படியே விட்டிருந்தால் ஈறு கரைந்து பல் ஆடியிருக்கும், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டரம்மா. பஸ்ஸில் வீடுவரை நாக்காலேயே பல்லை எண்ணிக்கொண்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நல்லியைப் பயந்து பயந்து கடித்தான். எலும்பு உடைந்தது, பல் உடையவில்லை. பேராச்சி வந்து ஒட்டி உட்கார்ந்து தோளில் சாய்ந்தாள். முந்தானை இடுப்பிலேயே இருந்தது.

“ஏட்டி, ஒனக்குச் சளி போயிட்டா?”

“புதன்கெழமையே போயிட்டு.”

சொரிமுத்து எலும்பைத் தட்டில் வைத்தான். மூன்று வருஷமாகச் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டு, வாரம் தவறாமல் அவளுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தவன் அவன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தவள் அவள்.