குத்துக்காரி மன்னிப்புக் கேட்கவில்லை

அவளுக்குக் குத்துக்காரி என்று பெயர் வைத்தது சலவைக்கூடத்தில். கிண்டலாகத்தான் வைத்தார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து ஈரத்தோடு இழுத்துப் போடுவது அவள் வேலை. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் வம்பளந்துகொண்டிருக்க, இவள் மூலையில் நின்று காற்றைக் குத்திக்கொண்டிருப்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் உதறவில்லை.

குத்து அவளுக்கு வந்தது அண்ணன் வழியாக. பாக்ஸிங் பழகிய அண்ணனுக்கு வீட்டில் ஜோடி கிடையாது. தங்கையின் கைகளில் தலையணையைக் கட்டி நிற்கவைத்துக் குத்துவான். நின்று நின்றே, அவன் எந்தத் தோளை அசைத்தால் எந்தக் கை வரும் என்று படித்துவிட்டாள். ஒரு நாள் தலையணைக் கையாலேயே பதிலுக்கு ஒன்று வைத்தாள். அண்ணன் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச காலத்தில் வேலை, கல்யாணம் என்று அவன் பாக்ஸிங்கைக் கைகழுவினான். அவள் விடவில்லை. ஆனால் அப்போது பெண்களுக்குப் போட்டியே கிடையாது. பயிற்சிக்கூடத்து வாசலிலேயே மறித்தார்கள்.

"உள்ள வராதம்மா, ஆம்பளைங்க பழகுற இடம்."

"நான் யாரையும் அடிக்கமாட்டேன், பயப்படாதீங்க" என்றாள். அப்படியும் விடவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவளே ஒரு கூடம் தொடங்கினாள். பழைய டயர் கிடங்கில் பாதி இடம். கணவன் வெல்டர், ரிங்குக்குக் கம்பம் நட்டுக் கொடுத்தான். சலவைக்கூடம் கழித்துப்போட்ட விரிப்புகளைத் திணித்து மூட்டை தைத்துத் தொங்கவிட்டாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சட்டம் மாறி, பெண்களுக்கும் போட்டி வந்தபோது அவளுக்கு ரிங்கில் ஏறும் வயது தாண்டியிருந்தது. பாக்ஸிங் சங்கத்தின் கோச் அட்டை மட்டும் கிடைத்தது.

அவளிடம் பழகியவர்களில் கெட்டிக்காரி ரொட்டிக்காரி. பேக்கரியில் மாவு பிசைகிறவள். மணிக்கட்டு இரும்பு. அந்த வருஷத் தேர்வுப் போட்டியில் இறுதிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டாள். ஜெயித்தால் தேசிய முகாம். இரண்டு ரவுண்டு முடிந்தபோது கை ஓங்கியிருந்ததும் அவளுக்குத்தான். ஆனால் இரண்டாவது ரவுண்டின் கடைசியில் காதோரம் ஒரு குத்து வாங்கியிருந்தாள். மூலையில் வந்து உட்கார்ந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, மவுத்கார்டு எங்க?"

பல்லுக்குப் போடும் அந்தக் கவசம் அவள் வாயில்தான் இருந்தது.

குத்துக்காரி அதை எடுத்துவிட்டு, முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். கண் எதிலும் நிலைக்கவில்லை. "இது எத்தனாவது ரவுண்டு?"

"இப்பதானே ஆரம்பிச்சோம்?"

சங்கத்துச் செயலாளர் பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "பாயிண்ட்ல முன்னாடி இருக்காம்மா. ஒரே ஒரு ரவுண்டு. தண்ணி தெளிச்சு அனுப்பு."

குத்துக்காரி தண்ணீர் தெளிக்கவில்லை. டவலைத் தூக்கி ரிங்குக்குள் எறிந்தாள். கோச்சின் டவல் விழுந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, தோல்விதான்.

கூட்டம் கூச்சல் போட்டது. ரொட்டிக்காரி எழுந்து அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "நீ யாரு என்னை நிறுத்தறதுக்கு?" அதுவரை அவள் அக்காவை நீங்க என்றுதான் சொல்லியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். ரொட்டிக்காரி பையை எடுத்துக்கொண்டு வேறு கூடத்துக்குப் போய்விட்டாள். சங்கம் விசாரணைக்குக் கூப்பிட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் நாற்காலியே இல்லை. குத்துக்காரி சுவரோரம் கிடந்த ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒன்னுமில்லாததுக்கு ஒரு பொண்ணோட வாய்ப்பைக் கெடுத்துட்டியே" என்றார் செயலாளர்.

"ஒன்னுமில்லாம இருக்கணும்னுதானேங்க நிறுத்தினேன்."

"நீ ஒரு மேட்ச்சாவது ஆடியிருக்கியா? ரிங்குக்குள்ள என்ன நடக்கும்னு உனக்கு என்ன தெரியும்?"

"என்னை ஆட விட்டீங்களா?"

மன்னிப்புக் கேட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்று மூவரில் ஒருவர் இறங்கிவந்தார்.

"தப்பு பண்ணியிருந்தா கேட்டிருப்பேன். நாளைக்கே அப்படி ஒரு கண்ணைப் பார்த்தா, நாளைக்கும் எறிவேன்."

ஒரு வருஷத்துக்கு அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

கணவன் அன்றைக்கு அடுப்படியில் நின்றபடி யோசித்தான். "இப்ப உன் பொண்ணுங்களுக்கு மூலையில யாரு நிப்பா?"

"நீங்கதான்."

"எனக்குக் குத்தும் தெரியாது, கும்மாங்குத்தும் தெரியாது."

"ஸ்டூலை வைக்கத் தெரியுமில்ல? அது போதும். பேச்சை நான் பாத்துக்கறேன்."

அப்படியே ஆயிற்று. அவன் உதவியாளர் அட்டை வாங்கி மூலையில் ஸ்டூலோடு நின்றான். அவள் டிக்கெட் வாங்கி அவனுக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினாள். வாயை மூடச் சொன்ன ஊழியரிடம் டிக்கெட்டைக் காட்டினாள். பார்வையாளர் கத்தக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

அடுத்த தேர்வுப் போட்டியில் அவளிடம் பழகிய ஒரு தையல்காரப் பெண்ணுக்கு எதிரே வந்து நின்றது ரொட்டிக்காரிதான். குத்துக்காரி தயங்கவில்லை. ரொட்டிக்காரியின் பலவீனம் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. "வலது பக்கம் போ, அவ திரும்ப நேரமாகும்!" என்று கத்தினாள். தையல்காரி நன்றாகத்தான் ஆடினாள். ஆனாலும் ஜெயித்தது ரொட்டிக்காரி. தோற்ற கோபத்துக்கு நடுவே, அந்தக் கால்கள் நகர்ந்த விதத்தைப் பார்த்துக் குத்துக்காரிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அது அவள் சொல்லிக்கொடுத்த நடை.

உடை மாற்றும் அறை வாசலில் ரொட்டிக்காரி எதிரே வந்து நின்றாள்.

"மறுபடியும் அப்படி ஆச்சுன்னா, நிறுத்துவீங்களா?"

"நிறுத்துவேன்."

"அப்ப நான் உங்ககிட்ட திரும்பி வரமாட்டேன்."

"வராத. ஆனா களைச்சதும் இடது கை கீழே இறங்குது. முகாம்ல அதைப் பாத்துக்கிட்டு வெளுத்துருவாங்க."

ரொட்டிக்காரி தலையை ஆட்டிவிட்டுப் போனாள். உள்ளே தையல்காரி பெஞ்சில் கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தாள். குத்துக்காரி பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் கண்களைப் பார்த்தாள். பிறகுதான் கையில் சுற்றிய துணிக்கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள்.